சந்தனம் பூசிய சென்சார்

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வழக்கம்போல "பசியாறிட்டீங்களா மா?" என்று கேட்டாய். வழக்கம்போல நானும் "ஆச்சுப்பா" என்றேன். பெர்த்தில் குளிரா வெயிலா, வேலை எப்படி என்று நான் கேட்க, "எல்லாம் ஓகே மா" என்று நீ சொல்ல, அதற்கப்புறம்தான் பேச்சோடு பேச்சாக, ஏதோ பழைய பனியனைக் கால்துடைப்பாக்கச் சொல்வது போல, "மா, அந்தக் காடிய வித்துருங்க. சும்மாதானே நிக்குது. நான் வந்து ஓட்டப் போறதில்லையே" என்றாய். நான் கொஞ்சமும் தாமதிக்காமல் "சரி, வித்துடலாம்" என்றேன். உனக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். இவள் காரைக் கட்டிக்கொண்டு அழுவாள், விற்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்பாள் என்றுதானே இருவரும் நினைத்திருந்தீர்கள்? நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

குரல் பதிவாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் நான் கொஞ்ச நேரம் பேசினால் நீ கேட்டு முடிப்பதற்குள் கட்டைவிரலைத் தூக்கி ஒரு படம் போட்டுவிடுகிறாய். அந்த மஞ்சள் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவள் முழங்கால் வலி என்றாலும் கட்டைவிரல், பின் தெருவில் ஒரு சாவு என்றாலும் கட்டைவிரல். எழுத்து என்றால் நீ ஓரிடத்தில் உட்கார்ந்துதான் படித்தாக வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தானே, மெதுவாக எழுத்துக்கூட்டிப் படி. வேறு வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மலாக்கா காஜா பேராங்கில் நம் வரிசையிலேயே எத்தனை வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மற்ற ஊர்களிலும் இருக்கிறார்கள். அந்த அம்மாக்களெல்லாம் பாசாரில் காய் வாங்கும்போது என்னைப் பிடித்து நிறுத்திச் சொல்லி ஆற்றிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீ வீட்டுக்கு வர வேண்டும். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் நான் அங்கேதான் வந்து நிற்பேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

காரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. எல்லாம் தெரியும். நான் கேட்காமலேயே நீதான் சொல்லிச் சொல்லி என் தலையில் ஏற்றினாய். அந்தச் சாம்பல் நிறக் கார் வந்த புதிதில் பூனை மாதிரி வரும், பூனை மாதிரி போகும். எனக்கு அது போதும் என்றிருந்தது. உனக்குத்தான் போதவில்லை. கம்பெனி போட்ட எக்ஸாஸ்ட் குழாய் ஒல்லியாக இருக்கிறது, இன்ஜின் மூச்சுவிடச் சிரமப்படுகிறது, புக்கிட் பாருவில் ரவி அண்ணன் பட்டறையில் அளவெடுத்துப் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன் என்று ஒரு வாரமாக அதே பாட்டு. ஒரு நாள் சாயங்காலம் இரண்டு சின்ன அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாய். ஒன்றைத் திறந்து பார்த்தேன். வால் மாதிரி ஒரு வயர், தலையில் பளபளவென்று ஓர் இரும்பு, அதன் நுனியில் இடியாப்ப அச்சு போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். "என்னடா இது?" என்றேன். "ஆக்ஸிஜன் சென்சார் மா. இதுதான் காடியோட மூக்கு. குழாய்க்குள்ள போற புகைய மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறைச்சலான்னு இன்ஜினுக்குச் சொல்லும்" என்றாய். பழசு இருக்கிறதே, அதையே கழற்றிப் புதுக் குழாயில் மாட்டினால் என்ன என்று கேட்டேன். "பழசு சூட்டுல இறுகிக் கெடக்கும் மா. கழட்டுறப்பவே மரை போயிடும். மோப்பமும் மந்தமாயிருக்கும். புதுக் குழாய்க்குப் புது மூக்குதான் சரி" என்றாய். உனக்கு அப்போது இருந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காதுகுத்துக்குத் தோடு வாங்கி வந்தவன் மாதிரி அந்தப் பெட்டிகளைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாய்.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை வந்தது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, தையல் மெஷின், உன் அப்பாவின் வேன் சாவி, நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் வைத்திருந்த பெரிய கரண்டி வரைக்கும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சாமி முன்னால் வைத்துவிடுவேன். உன் ஸ்பானர்களையும் வைத்தேன். வைக்கும்போது மேசை மேல் அந்த இரண்டு பெட்டிகள் கண்ணில் பட்டன. புதுப் பொருள், இன்னும் வேலைக்கே போகவில்லை, அதை விட்டுவிட்டுப் பழைய ஸ்பானருக்குப் பொட்டு வைத்தால் சாமி என்ன நினைக்கும்? இரண்டையும் வெளியே எடுத்தேன். மஞ்சள் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினேன். வயரில் பொட்டு நிற்கவில்லை. இரும்பின் உடம்பிலும் வழுக்கியது. நுனியில் ஓட்டை ஓட்டையாக இருந்ததா, அங்கேதான் நன்றாகப் பிடித்தது. சந்தனத்தைக் குழைத்து அழுத்திப் பூசி, அதன் மேல் குங்குமம் வைத்து, விபூதியும் போட்டு, கற்பூரம் காட்டி, மறுநாள் காலையில் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "அதுக்கெல்லாம் எதுக்கு மா" என்பாய், நாமே செய்துவிட்டால் சத்தமில்லாமல் புண்ணியம் சேரட்டும் என்றுதான்.

அடுத்த சனிக்கிழமை நீ புது எக்ஸாஸ்ட்டோடு வந்து வாசலில் நின்றாய். நின்றாய் என்றா சொன்னேன்? இடி இடித்துக்கொண்டு வந்தாய். பின்னால் பால் டின் அகலத்துக்கு ஒரு வாய், அதிலிருந்து வந்த உறுமலில் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. எதிர் வீட்டு ஆன்ட்டி வெளியே ஓடி வந்தார். அவர்கள் மலாக்கா செட்டிக் குடும்பம், நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும், பேச்சு மட்டும் மலாய். "ஆலாமாக்! கப்பால் தெர்பாங் கா?" என்று கத்தினார். விமானமா வந்து இறங்கியிருக்கிறது என்று கேட்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். உன் அப்பா போலீஸ் சம்மன் வரும் என்று பயந்தார். அதோடு, உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "ஏன்டா, காடியில ஊதுவத்தியா கொளுத்தி வச்சிருக்க? கோயில் வாசம் வருது" என்று கேட்டார். நான் அடுப்படிக்குள் நழுவிவிட்டேன்.

இரண்டு மூன்று நாளிலேயே மீட்டர் பக்கத்தில், இன்ஜினில் கோளாறு என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. கார் விக்கி விக்கி ஓடியது. நீ சாப்பிடும்போதும் அதே யோசனையாக இருந்தாய். பாசாரிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு நேராக ரவி பட்டறைக்கே போய்விட்டாய். ரவி காருக்கு அடியில் படுத்து ஒரு சென்சாரைக் கழற்றி எடுத்து வந்தான். அதன் நுனியில் கருகிப்போய்ப் பொருக்குத் தட்டியிருந்தது. நீ அதை மோந்து பார்த்தாய். அப்புறம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாய். "மா..." என்றாய். "சாமிக்குத்தானே வச்சேன்" என்றேன். நீ ரவியிடம் பாய்ந்தாய். "அண்ணே, மாட்டுறப்ப நீங்க பாக்கலியா?" அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அசடு வழிந்தான். "பாத்தேன் தம்பி. சந்தனமும் குங்குமமுமா இருந்துச்சு. பூஜைல வச்ச பொருளு, நான் எப்படித் துடைக்கிறது? நல்லா இருக்கட்டும்னு அப்படியே மாட்டிட்டேன்." பிறகு நீ சிரிக்க ஆரம்பித்தாய் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். "மூக்குக்குள்ள சந்தனத்த அப்பிட்டு மோந்து பாருன்னா அது எப்படி மா பாக்கும்!" என்றாய். நீ கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பேன். அப்படிச் சிரித்தாயே, அதனால்தான் இன்றைக்கும் சந்தனம் அரைக்கும்போதெல்லாம் நீ வந்து நிற்கிறாய்.

அன்றைக்கு வேறு சென்சார் இல்லாததால் கம்பெனிக் குழாயில் கிடந்த பழைய இரண்டையும் மரை போகாமல் எப்படியோ கழற்றிப் புதுக் குழாயில் மாட்டிக்கொண்டு வந்தாய். அவற்றின் மோப்பம் மந்தம், அதனால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஒரு நாள் காரில் ஏறினால் விளக்கைக் காணோம். கிட்டே போய்ப் பார்த்தால், என் அலமாரியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டி வைத்திருக்கிறாய், அரக்கு நிறத்தில், நடுவில் ஒரு கல் வைத்தது. "நீங்க மூக்குக்குப் பொட்டு வச்சீங்க, நான் கண்ணுக்கு வச்சுட்டேன்" என்றாய். அடுத்த மாதம் மாற்றுகிறேன், அடுத்த மாதம் மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்குள் விசா வந்துவிட்டது.

சத்தத்தைப் பற்றி நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் காது அதற்குப் பழகி, பிறகு அதற்காகக் காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டது. வேலை முடிந்து சாயங்காலம் நீ வரும்போது, பெரிய சாலை டிராபிக் லைட்டில் வளைகிறாயே, அங்கே கியரைக் குறைப்பாய். கார் ஒரு முறை அடித்தொண்டையில் உறுமி, உடனே இன்னொரு முறை சின்னதாக உறுமும். அடுப்படியில் நின்றாலும் எனக்குக் கேட்கும். கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். நீ தெருவுக்குள் திரும்பி, கேட்டைத் திறந்து, காரை விட்டு, காலைக் கழுவிக்கொண்டு வருவதற்கும் கல் காய்வதற்கும் சரியாக இருக்கும். நீ நாற்காலியை இழுக்கும்போது முதல் தோசை தட்டில் விழும். "எப்படி மா சொல்லி வச்ச மாதிரி?" என்று கேட்பாய். "எனக்கு ஜோசியம் தெரியும்" என்பேன். ஊரே ஆலாமாக் என்று காதைப் பொத்திக்கொண்ட சத்தம்தான் எனக்கு ஜோசியம் சொன்னது. இதை உன்னிடம் சொல்லியிருந்தால் தலைக்கு மேல் ஏறியிருப்பாய் என்று சொல்லவில்லை.

நீ போன பிறகு கார் போர்ச்சில் நின்றது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று உன் அப்பா அவ்வப்போது எடுத்து ஓட்டினார். அவர் ஓட்டினால் அந்தச் சத்தமே வராது. பயந்து பயந்து மிதிப்பார், அது சளி பிடித்த பிள்ளை மாதிரி முனகிக்கொண்டு வரும். நான் லைசென்ஸ் எடுத்துப் பல காலமாகிவிட்டாலும் கை இன்னும் மறக்கவில்லை. ஒரு நாள் நானே எடுத்துக்கொண்டு பாசாருக்குப் போனேன். திரும்பும்போது டிராபிக் லைட்டில், நீ செய்கிற மாதிரியே கியரைக் குறைத்து, ஒரு மிதி மிதித்தேன். அப்படியே இல்லை, ஆனால் கிட்டத்தட்ட அதே உறுமல். வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினால், எதிர் வீட்டு ஆன்ட்டி ஈரக் கையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "கதிர் சுடா பாலிக்?" என்று கேட்டார். கதிர் வந்துவிட்டானா என்று. என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே இறங்கிவிட்டது. "பெலும்" என்றேன். இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது, மேடை காய்ந்து கிடக்கிறது. சத்தத்தை நானே கொண்டு வந்துவிட்டேன், கல்லை வைக்க வீட்டில் ஆள் இல்லை. மீன் பையை அப்படியே சிங்க்கில் போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே அழுதேன். உன் அப்பாவுக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

உன்னைக் குறை சொல்லவில்லை. சுரங்க லாரிகளைப் பழுது பார்க்கிற வேலை, ஆளை எழுந்திருக்கவே விடாத வேலை என்று தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் "அடுத்த வருஷம் கண்டிப்பா மா" என்கிறாய். சொல்லும்போது உண்மையாகத்தான் சொல்கிறாய். ஆனால் வருகிறதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது உனக்கு. அம்மாவைப் பார்ப்பது ஒரு காரணமாகத் தோன்றவில்லை, அவள்தான் தினமும் திரையில் தெரிகிறாளே. இப்படி நான் முட்டிக்கொண்டிருந்தபோதுதான் நீயே காரை விற்கச் சொன்னாய். நீ சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பொறி தட்டியது. உன் அப்பா பழைய வேனை விற்றபோது என்ன நடந்தது? பெயர் மாற்றப் போக்குவரத்து இலாகா முகப்புக்கு அவரே நேரில் போய் விரல் ரேகை வைத்துவிட்டு வந்தார். இந்தக் கார் யார் பெயரில் இருக்கிறது? உன் பெயரில். அப்படியென்றால் விரல் யாருடையது? அதனால்தான் அந்த வேகத்தில் "சரி, வித்துடலாம்" என்றேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. நீ வைத்த பொறியில் நீயே வந்து மாட்டினாய் என்று கீரை ஆய்ந்துகொண்டே சிரித்தேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். உன் அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகள், புக்கிட் பாருவில் டீச்சராக இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. கார் வேண்டும் என்றாள், ஆனால் சத்தம் வேண்டாம் என்றாள். நியாயம்தான். ஸ்டோரில் பழைய கைலியில் சுற்றி வைத்திருந்த கம்பெனி எக்ஸாஸ்ட்டைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு ரவி பட்டறைக்குப் போனேன். ரவி காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பின்னால் குனிந்து புகையைப் பார்த்தான். "அக்கா, பெட்ரோல் ரொம்பக் குடிக்குதா?" என்றான். குடம் குடமாகக் குடிக்கிறது என்றேன். "மூக்கு செத்துப் போச்சு. பெட்ரோல் பத்தலன்னு நெனச்சு இன்ஜின் ஊத்திக்கிட்டே இருக்கு. தேவைப்படுற அளவு அதுக்குத் தெரியல" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் இன்னும் மூன்று பேருக்குத்தான் மாவு அரைக்கிறேன், தெரியுமா? புளித்துப்போய் எதிர் வீட்டுக்குக் கொடுக்கிறேன், மறுபடி அதே அளவுதான் அரிசி ஊற வைக்கிறேன். எனக்கு எந்தச் சென்சாரை மாற்றுவது?

விளக்கு எரிகிறதா என்று பார்க்க ரவி அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டப் போனான். "தொடாதே!" என்று போட்டேன் ஒரு சத்தம். பட்டறையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நானே மெதுவாக உரித்து என் கைக்கடிகாரத்தின் கண்ணாடி மேல் ஒட்டிக்கொண்டேன். ரவிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். சாமிக்கு வைத்த பொருளைத் துடைக்காதவன் அல்லவா அவன். காரைத் தூக்கி நிறுத்தி, பழைய சென்சாரைக் கழற்றப் பார்த்தான். நீ சொன்னது சரிதான், இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டான், நெருப்பு வைத்துச் சூடு காட்டினான், நீளமான ஸ்பானரைப் போட்டுத் தொங்கினான். கடைசியில் அது மரையையும் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வந்தது. இத்தனை காலம் அந்தச் சூட்டில் புகையைக் குடித்துக்கொண்டு கிடந்ததற்கு, அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டு வருமா?

உள்ளேயிருந்து எடுத்து வந்த புது சென்சார் பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு ரவி கேட்டான். "அக்கா, கம்பெனிக் குழாயப் போட்டு அதுலதானே மாட்டணும்?" ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் அந்த இரும்பைச் சுமந்துகொண்டு போனது. வாயில் வந்தது வேறு. "இல்ல தம்பி. இந்தக் குழாயே இருக்கட்டும். இதுலயே மரைய ஒட்டவச்சு மாட்டு" என்றேன். "சோதனைக்குப் போனா இந்தச் சத்தத்துக்குத் திருப்பி அனுப்பிருவாங்க அக்கா. விக்கப் போறீங்கன்னு சொன்னீங்க?" என்றான். "விக்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி என் புள்ள இதுல வீட்டுக்கு வர்ற சத்தம் எனக்கு ஒரு தடவ கேக்கணும்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் அதற்காகத்தான் போயிருக்கிறேன் என்று. ரவி புதிதாக ஒரு வளையத்தை வைத்துப் பற்றவைத்து, குளிரவிட்டு, மாட்டினான். மாட்டும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "பொட்டு வைக்கணும்னா பெட்டி மேல வச்சுக்குங்க அக்கா, உள்ள வேணாம்" என்றான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். விளக்கு அணைந்துவிட்டது. கம்பெனி எக்ஸாஸ்ட் மறுபடி கைலியைச் சுற்றிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

வந்தால் உன் அப்பா பெரிய சாதனை செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முகப்பில் போய் விசாரித்தாராம். பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் நேரில் வர வேண்டியதில்லையாம், ஓர் அதிகாரக் கடிதம் எழுதி, அங்கேயே முத்திரை போட்டு அனுப்பினால் நாமே முடித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்களாம். "அவனுக்கு எதுக்கு அலைச்சல், லீவு கெடைக்காது பாவம்" என்கிறார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! இந்த மனுஷனுக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சுறுசுறுப்பு வந்ததில்லை, வந்தது பார் ஒரு நாள். "உங்களை யாரு போய்க் கேக்கச் சொன்னது?" என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எனக்கு மட்டும் அவன் வரணும்னு இல்லியா? வான்னு சொல்லி அவன் முடியாதுன்னுட்டா என்ன பண்றது? அதுக்குத்தான் கேக்காம இருக்கேன்" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை கதிர். இத்தனை நாள் இந்த வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பொட்டை எடுத்து விளக்கின் மேல் ஒட்டி வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நீயும் அங்கே ஒன்று ஒட்டி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். "எல்லாம் ஓகே மா" என்று நீ சொல்கிற வேகத்திலேயே தெரியும்.

அதனால் தந்திரம் எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விரல் ரேகைக்கு நீ வந்தே ஆக வேண்டும் என்று பொய் சொல்லியிருக்கலாம். நீ நம்பியிருப்பாய். கடிதம் போதும் என்பதை நானே உன்னிடம் சொல்லிவிட்டேன். இப்போது கேட்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது எனக்கு. திரையில் இல்லை. நாற்காலியை நீ இழுக்கிற சத்தம், ஈரக் காலோடு நீ அடுப்படிக்குள் வந்து என்னிடம் திட்டு வாங்குவது, தட்டைப் பார்க்காமலேயே "இன்னொண்ணு மா" என்பது, இதெல்லாம் வேண்டும் எனக்கு. நீ திரும்பிப் போவதைத் தடுக்க மாட்டேன். அங்கேயே வீடு கட்டு, கல்யாணம் பண்ணு, நன்றாக இரு. ஏங்கி ஏங்கிக் காத்திருப்பது எனக்குப் பழகிவிட்டது, ஆனால் காத்திருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் இருப்பதுதான் முடியவில்லை.

டீச்சரம்மா தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். விமான நிலையத்துக்கு நான் வர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா மட்டும் காரை எடுத்துக்கொண்டு வருவார். போகும்போது அவர் முனகிக்கொண்டு போகட்டும், திரும்பும்போது நீ ஓட்டு. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோவில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக வா. நான் மூன்று பேருக்கு மாவு வைத்திருப்பேன், அன்றைக்கு அளவு சரியாக இருக்கும். மறுநாள் ரவியிடம் போய்க் கம்பெனி எக்ஸாஸ்ட்டை மாட்டிவிட்டு, சோதனைக்குக் காட்டி, காரை அவளிடம் கொடுத்துவிடலாம், சத்தியமாகக் கொடுத்துவிடுவேன். கடிதம் மட்டும் அனுப்பாதே. தினமும் எனக்குப் படத்தில் தூக்கிக் காட்டுகிறாயே ஒரு கட்டைவிரல், அதை நேரில் கொண்டுவந்து வை. டிராபிக் லைட்டில் வளையும்போது கியரைக் குறைக்க மறக்காதே, நான் கல்லை அடுப்பில் வைக்க வேண்டும்.

உன் அம்மா